விண்வெளி முகாமுக்கு எதைக் கற்றுக்கொண்டு போவது?

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஹன்ட்ஸ்வில் என்றொரு நகரம் இருக்கிறது. மனிதரை நிலவுக்குக் கொண்டுசென்ற சாட்டர்ன் 5 ராக்கெட்டை உருவாக்கும் பணி அங்குள்ள நாசாவின் மார்ஷல் மையத்தின் பொறுப்பில் நடந்தது. அந்த மையத்தின் முதல் இயக்குநரான வெர்னர் வான் பிரவுன், விளையாட்டுக்கும் பேண்டு இசைக்கும் கோடை முகாம்கள் நடக்கும்போது அறிவியலுக்கு ஏன் ஒன்று நடக்கக் கூடாது என்று கேட்டதாகச் சொல்வார்கள். 1977இல் அவர் இறந்தார். 1982இல், அங்குள்ள ராக்கெட் அருங்காட்சியகத்தின் இயக்குநராக இருந்த எட்வர்ட் பக்பீ அந்த எண்ணத்துக்குச் செயல்வடிவம் கொடுத்தார். ‘ஸ்பேஸ் கேம்ப்’ பிறந்தது. ஒன்பது வயது தொடங்கிப் பதினெட்டு வயது வரையிலான பிள்ளைகள் வயதுக்கேற்ற பிரிவுகளாக அங்கே ஏறத்தாழ ஒரு வாரம் தங்குகிறார்கள். எல்லாத் திசையிலும் சுழற்றும் இயந்திரம், நிலவில் நடக்கும் உணர்வைத் தரும் நாற்காலி, விண்கலத்தின் மாதிரி, தரைக் கட்டுப்பாட்டு அறையின் மாதிரி என்று அவர்கள் நாள் முழுக்க எதிலாவது ஏறி இறங்கிக்கொண்டே இருப்பார்கள். பல லட்சம் பேர் இதுவரை அந்த முகாமைக் கண்டுவிட்டார்கள்.

முதன்முறையாக இப்படி ஒரு முகாமுக்குக் கிளம்பும் பிள்ளையை நாம் எப்படித் தயார்செய்கிறோம்? பெரும்பாலும் இரண்டு வழிகளில். ஒன்று, தகவல்களை ஊட்டுவது: கோள்களின் பெயர்கள், ராக்கெட்டுகளின் உயரம், எந்த ஆண்டில் யார் எங்கே போனார். மற்றொன்று, உடலைப் பற்றிக் கவலைப்படுவது: சுற்றினால் வாந்தி வருமே, தலை சுற்றுமே, தாங்குவானா, தாங்குவாளா? இரண்டுமே அக்கறையிலிருந்து பிறப்பவை. தவறென்று சொல்ல எதுவும் இல்லை. ஆனால் விண்வெளி வீரர்களுக்கு அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக அளிக்கப்பட்டுவரும் பயிற்சியின் வரலாற்றைப் படிக்கும்போது, இந்த இரண்டும் முகாமில் மிகக் குறைவாகவே கைகொடுக்கும் என்று தெரிகிறது. நான்கைந்து பேருடன் சேர்ந்து, எழுதிய முறைப்படி, தெளிவாகப் பேசி, தவறு நேர்ந்தால் மறைக்காமல் சொல்லி ஒரு வேலையை முடிக்கும் பழக்கம், வீட்டை விட்டு வெளியே உண்டு உறங்கும் பழக்கம் ஆகிய இவற்றைத்தான் முன்கூட்டியே தயார்செய்ய முடியும், தயார்செய்யவும் வேண்டும். இதை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில், எல்லோரும் அஞ்சும் அந்தச் சுழல் இயந்திரம். ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று வளையங்கள். நடுவில் ஓர் இருக்கை. வளையங்கள் தனித்தனி அச்சுகளில் சுழலும்போது இருக்கையில் கட்டப்பட்டவர் தலைகீழாகவும் பக்கவாட்டிலும் புரண்டுகொண்டே இருப்பார். பார்ப்பவருக்கு வயிற்றைப் புரட்டும். உள்ளே இருப்பவர்களில் பெரும்பாலோருக்கு ஒன்றும் ஆவதில்லை. வயிறு சுழற்சியின் மையத்திலேயே நின்றுவிடுவதால் குமட்டல் வருவதில்லை என்று பரவலாக ஒரு விளக்கம் தரப்படுகிறது. அதைவிட வலுவான காரணம் காதுக்குள் இருக்கிறது. நம் உள்காதில் ஒன்றுக்கொன்று செங்குத்தாக அமைந்த மூன்று அரைவட்டக் குழல்கள் உண்டு. அவற்றில் திரவம் நிறைந்திருக்கும். தலை திரும்பத் தொடங்கும்போது குழல் நகர்ந்துவிடும். திரவமோ ஒரு கணம் பின்தங்கும். அந்தப் பின்தங்கல் உள்ளே இருக்கும் மெல்லிய சவ்வை வளைக்க, மூளை ‘திரும்புகிறோம்’ என்று அறிகிறது. ஒரே திசையில் ஒரே வேகத்தில் அரை நிமிடம் சுழன்றுகொண்டிருந்தால் திரவமும் குழலின் வேகத்தை எட்டிவிடும்; சவ்வு நிமிர்ந்துவிடும்; சுழன்றுகொண்டிருந்தாலும் நின்றுவிட்டதுபோலத் தோன்றும். பிறகு உண்மையிலேயே நிறுத்தும்போது திரவம் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். எதிர்த்திசையில் சுழல்வதாக மூளை நம்பும். கண் சொல்வது ஒன்று, காது சொல்வது வேறொன்று. குமட்டலின் ஊற்று இந்த முரண்பாடுதான். முகாமின் இயந்திரம் எந்தத் திசையிலும் இரண்டு சுற்றுக்கு மேல் தொடர்ந்து சுழலாதபடி அமைக்கப்பட்டிருக்கிறது. திரவம் வேகம் பிடிப்பதற்குள் திசை மாறிவிடுகிறது.

குமட்டலுக்கு வயிறு காரணமில்லை, காதும் மூளையும்தான் என்பதற்கு விண்வெளி ஆய்வின் தொடக்க காலத்திலேயே ஒரு சான்று கிடைத்தது. 1950களின் இறுதியில் அமெரிக்கக் கடற்படையும் நாசாவும் வாஷிங்டனில் உள்ள காலடெட் கல்லூரியைச் சேர்ந்த, காது கேளாத பதினொரு ஆண்களைச் சோதனைகளுக்கு அழைத்தன. அவர்களில் பெரும்பாலோர் சிறுவயதில் மூளைக்காய்ச்சலால் கேட்கும் திறனை இழந்தவர்கள். அந்த நோய் உள்காதின் சமநிலை உறுப்பையும் அழித்துவிட்டிருந்தது. சுழலும் அறைகளில் நாள்கணக்கில் வைத்துப் பார்த்தார்கள்; குமட்டல் இல்லை. கனடாவின் நோவா ஸ்கோஷியாக் கடற்பகுதியில், கொந்தளிக்கும் அலைகளின் நடுவே கப்பலில் ஏற்றிப் பார்த்தார்கள். அவர்கள் சீட்டு விளையாடிக்கொண்டிருந்தார்கள். ஆய்வாளர்கள்தான் கடல்நோயால் துவண்டு சோதனையைக் கைவிட வேண்டியதாயிற்று. அந்தப் பதினொரு பேரும் விண்வெளிக்குப் போகவில்லை. போனவர்களின் உடலைப் புரிந்துகொள்ள அவர்கள் தந்த தரவுகள் அடித்தளமாயின. விண்வெளி ஆய்வில் யாருக்கு இடம் உண்டு என்று யோசிக்கும் பெற்றோர் அறிந்திருக்க வேண்டிய வரலாறு இது. பார்வைக் குறைபாடுள்ள பிள்ளைகளுக்கென்றே ஹன்ட்ஸ்வில்லில் ஆண்டுதோறும் தனியாக ஒரு வாரம் ஒதுக்குகிறார்கள் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும்.

சுழல் இயந்திரத்துக்கு ஒரு மூதாதை உண்டு. 1960இல் கிளீவ்லாந்தில் இருந்த நாசா ஆய்வகத்தில் மனிதரை விண்வெளிக்கு அனுப்பும் மெர்குரித் திட்டத்தின் ஏழு வீரர்களும் மூன்று அச்சுகளிலும் நிமிடத்துக்கு 30 சுற்று வரை சுழலும் ஒரு கருவியில் ஏற்றப்பட்டார்கள். பின்னாளில் விண்வெளிக்குச் சென்ற முதல் அமெரிக்கரான ஆலன் ஷெப்பர்டே தம் முதல் முயற்சியில் குமட்டல் தாங்காமல் நிறுத்தும் பொத்தானை அழுத்திவிட்டார். இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். அந்த வீரர்களின் கையில் ஒரு கட்டுப்பாட்டுப் பிடி இருந்தது. சுழல்வதைத் தாங்கிக்கொள்வது அவர்களின் வேலை இல்லை. கருவிகளின் முள்ளைப் பார்த்து, எந்த அச்சில் எவ்வளவு வேகம் என்று கணித்து, அதை ஒவ்வொன்றாக நிறுத்துவதே வேலை. இது வீண் முன்னெச்சரிக்கை அன்று என்பது 1966 மார்ச் 16 அன்று தெரிந்தது. ஜெமினி 8 கலத்தில் நீல் ஆம்ஸ்ட்ராங்கும் டேவிட் ஸ்காட்டும் இருந்தபோது ஓர் உந்துகருவி திறந்த நிலையில் சிக்கிக்கொள்ள, கலம் நொடிக்கு ஏறத்தாழ ஒரு சுற்று வீதம் சுழலத் தொடங்கியது. பார்வை மங்கும் நிலையில் ஆம்ஸ்ட்ராங் முதன்மை உந்து அமைப்பை அணைத்துவிட்டு, பூமிக்குத் திரும்பும்போது பயன்படுத்த வேண்டிய மற்றோர் அமைப்பை இயக்கிச் சுழற்சியை நிறுத்தினார். அவர்கள் உயிரோடு திரும்பியதற்குக் காரணம் வயிற்றின் உறுதி என்று யாரும் சொல்ல மாட்டார்கள். முகாமின் இயந்திரத்தில் அந்தக் கட்டுப்பாட்டுப் பிடி இல்லை. பிள்ளை அங்கே பயணி மட்டுமே. பயிற்சியின் உயிரான பகுதியை எடுத்துவிட்டு உணர்வை மட்டும் தருகிற ஒன்றுக்கு, வீட்டில் ராட்டினம் ஏற்றிப் பழக்க வேண்டியதில்லை.

நிலவு நாற்காலியும் அப்படித்தான். நிலவின் ஈர்ப்பு பூமியின் ஈர்ப்பில் ஆறில் ஒரு பங்கு. 36 கிலோ எடையுள்ள பிள்ளையைச் சுருள்வில்கள் மேல்நோக்கி 30 கிலோ அளவுக்குத் தாங்கிக்கொண்டால், கால்கள் 6 கிலோவை மட்டும் சுமக்கும். துள்ளித் துள்ளிப் போகலாம். ஆனால் வில்கள் தாங்குவது உடற்பகுதியை மட்டுமே. கைகால்களுக்கு முழு எடையும் அப்படியே இருக்கிறது. உள்காதில் சாய்வை உணர்த்தும் நுண்கற்களும் பூமியின் முழு ஈர்ப்பையே உணர்கின்றன. நிலவுக்குச் செல்லவிருந்த அப்போலோ வீரர்களுக்கு நாசாவின் லாங்லி ஆய்வகம் வேறொரு வழி கண்டது. மனிதரைப் பக்கவாட்டில் படுத்தபடி கம்பிகளால் தொங்கவிட்டு, செங்குத்திலிருந்து 9.5 பாகை மட்டுமே சாய்ந்த ஒரு சுவரில் அவரை நடக்கவிட்டார்கள். 9.5 பாகையின் சைன் மதிப்பு ஏறத்தாழ ஆறில் ஒன்று. பத்தாம் வகுப்பு முக்கோணவியல் போதும், அந்தச் சுவரை அழுத்தும் எடை ஏன் நிலவின் எடைக்குச் சமம் என்று புரிந்துகொள்ள. ஹூஸ்டனில் இருக்கும் 12 மீட்டர் ஆழப் பயிற்சிக் குளத்தில் மிதக்கும் வீரருக்கு எடையின்மை போலத் தோன்றினாலும், நீரின் தடை இருக்கிறது, உடைக்குள் உடலின் எடையும் இருக்கிறது. பரவளையப் பாதையில் பறக்கும் விமானத்தில் உண்மையான எடையின்மை கிடைக்கும். 20 முதல் 25 நொடிகளுக்கு மட்டும். பூமியில் இருக்கும் எந்தக் கருவியும் விண்வெளியின் ஒரு துண்டை மட்டுமே காட்ட முடியும்.

உடலை முன்கூட்டிப் பழக்கிவிடலாம் என்ற நம்பிக்கைக்கு இன்னொரு மறுப்பும் உண்டு. 1961 ஆகஸ்டில் சோவியத் ஒன்றியத்தின் வஸ்தோக் 2 கலத்தில் ஒரு நாளுக்கும் மேலாகச் சுற்றிய கெர்மான் தித்தோவ்தான் விண்வெளிக் குமட்டலை அனுபவித்த முதல் மனிதர். கடுமையாகப் பயிற்சி பெற்ற இருபத்தைந்து வயதுப் போர்விமானி அவர். அதற்குப் பிறகு சென்றவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு முதல் இரண்டு மூன்று நாள்களில் அது வந்திருக்கிறது. பூமியில் யாருக்குக் கடல்நோய், பேருந்துக் குமட்டல் வரும் என்பதை வைத்து விண்வெளியில் யாருக்கு வரும் என்று கணிக்க முடியவில்லை. காரில் போனால் வாந்தி எடுக்கிற மகளுக்கு விண்வெளி ஒத்துவராது என்று யாராவது சொன்னால், அதற்கு அறிவியலில் ஆதாரம் இல்லை. மருத்துவக் காரணம் இருந்தால் முகாம் பொறுப்பாளர்களிடம் முன்பே சொல்லிவிட வேண்டும். விருப்பமில்லாத பிள்ளை அந்த இயந்திரத்தில் ஏற வேண்டியதே இல்லை. அவ்வளவுதான்.

இனி, முகாமின் மையமான பகுதிக்கு வருவோம். பிள்ளைகள் குழுக்களாகப் பிரிந்து ஒரு விண்பயணத்தை நடித்துப் பார்க்கிறார்கள். சிலர் கலத்தின் தளபதி, விமானி, ஆய்வாளர்கள். மற்றவர்கள் தரைக் கட்டுப்பாட்டு அறையில். எல்லோர் காதிலும் ஹெட்செட். எல்லோர் முன்னும் மணித்துளி வாரியாக எழுதிய சரிபார்ப்புப் பட்டியல். நடுவில் பயிற்றுநர்கள் வேண்டுமென்றே கோளாறுகளைப் புகுத்துவார்கள்: ஒரு மின்கலம் செயலிழக்கும், அறையில் அழுத்தம் குறையும், ஒருவர் மயங்கி விழுந்ததாகச் சொல்லப்படும். ஆளுக்கொரு பக்கம் கத்தும் குழு திணறிப்போகும். பார்ப்பதற்கு விளையாட்டாகத் தோன்றும் இதுதான், முகாமில் உள்ள அனைத்திலும், உண்மையான விண்பயணத்துக்கு மிக நெருக்கமானது. இயந்திரங்கள் உடலுணர்வைப் போலியாகத் தருகின்றன; இந்தப் பயிற்சியிலோ குழப்பம் உண்மையான குழப்பம், தவறு உண்மையான தவறு.

இதன் மதிப்பை அறிய 1969 ஜூலைக்குப் போக வேண்டும். அப்போலோ 11 கிளம்புவதற்குச் சில நாள்களே இருந்தபோது ஹூஸ்டன் கட்டுப்பாட்டு அறையில் ஒரு மாதிரிப் பயிற்சி நடந்தது. பயிற்சியை நடத்திய ரிச்சர்ட் கூஸ், நிலவில் இறங்கும் கட்டத்தில் கணினி ‘1201’ என்ற எச்சரிக்கை எண்ணைக் காட்டும்படி செய்தார். கணினிக்குப் பொறுப்பாக இருந்த 26 வயது ஸ்டீவ் பேல்ஸுக்கு அதன் பொருள் தெரியவில்லை. தரையிறக்கத்தைக் கைவிடச் சொல்லிவிட்டார். பயிற்சிக்குப் பின் நடந்த கலந்துரையாடலில், கைவிட்டிருக்க வேண்டியதில்லை என்று கூஸ் எடுத்துக்காட்டினார். கணினி வேலைப்பளு மிகுந்து தவிக்கிறது என்றுதான் அந்த எண் சொன்னது. முக்கியமான பணிகளை அது தொடர்ந்து செய்துகொண்டுதான் இருந்தது. பறப்பு இயக்குநர் ஜீன் கிரான்ஸ், எல்லா எச்சரிக்கை எண்களையும் அவற்றுக்கு என்ன செய்ய வேண்டும் என்பதையும் பட்டியலிடச் சொன்னார். பேல்ஸுக்குத் துணையாக இருந்த 24 வயது ஜாக் கார்மன் அவற்றைக் கையால் எழுதி வைத்துக்கொண்டார். ஜூலை 20 அன்று, நிலவின் தரைக்கு மேலே ஆம்ஸ்ட்ராங்கும் ஆல்ட்ரினும் இறங்கிக்கொண்டிருந்தபோது ‘1202’ ஒலித்தது. கார்மன் பட்டியலைப் பார்த்தார், பேல்ஸிடம் சொன்னார். பேல்ஸ் தொடரலாம் என்றார். வீரர்களிடம் பேசும் பொறுப்பில் இருந்த சார்லி டியூக் அதை மேலே சொன்னார். எல்லாம் சில நொடிகளில் முடிந்தது. பயிற்சியில் தோற்றதால்தான் அன்று வெல்ல முடிந்தது. தோற்றவரை யாரும் வேலையிலிருந்து நீக்கவில்லை; அவரும் தம் தவறை மூடிமறைக்கவில்லை. இந்த இரண்டும் சேர்ந்திருக்காவிட்டால் அந்தப் பட்டியல் எழுதப்பட்டிருக்காது.

ஆகவே வீட்டில் பழக வேண்டியவை எவை என்பது தெளிவாகிறது. விண்கலத்துடன் ஒரே ஒருவர்தான் பேச வேண்டும் என்ற விதி மெர்குரித் திட்டக் காலத்திலேயே வந்துவிட்டது. ஒருவர் சொன்னதை மற்றவர் திருப்பிச் சொல்லி உறுதிப்படுத்துவது விமானிகளுக்கும் கட்டுப்பாட்டாளர்களுக்கும் கட்டாயம். காதில் விழுந்ததும் சொல்லப்பட்டதும் ஒன்றுதானா என்று அறிய வேறு வழியில்லை. பிள்ளைகள் இதைப் பழக எளிய வழி ஒன்று இருக்கிறது. இருவர் முதுகைக் காட்டி உட்கார வேண்டும். இருவரிடமும் ஒரே மாதிரியான கட்டைகள் அல்லது லெகோ துண்டுகள். ஒருவர் ஏதாவதொன்றைக் கட்டிவிட்டு, வாயால் மட்டும் சொல்லி மற்றவரை அதையே கட்டவைக்க வேண்டும். ‘அதை எடுத்து இதுமேல வை’ என்று தொடங்கும் பேச்சு, ‘சிவப்பு நான்கு புள்ளித் துண்டை நீலத்தின் இடது ஓரத்தில் வை’ என்று மாறுவதற்கு ஒரு மாலைப்பொழுது போதும். அடுத்த கட்டமாக, கேட்பவர் ஒவ்வொரு கட்டளையையும் திருப்பிச் சொன்ன பிறகே துண்டைத் தொட வேண்டும் என்று விதி வைக்கலாம். இடையில் அப்பாவோ அத்தையோ வந்து ஒரு துண்டை எடுத்து ஒளித்து வைத்துவிட்டு, என்ன செய்கிறார்கள் என்று பார்க்கலாம். முடிந்ததும் ஐந்து நிமிடம் உட்கார்ந்து, எந்த இடத்தில் குழம்பியது, யார் மேல் பழி என்று பேசாமல் எந்தச் சொல்லால் குழம்பியது என்று பேசுவது மிக முக்கியம். தேர்வில் ஒரு மதிப்பெண் குறைந்தால் காரணம் கேட்டு விரட்டப்படும் பிள்ளைக்கு, தவறை உரக்கச் சொன்னாலும் எதுவும் ஆகாது என்ற அனுபவம் வீட்டில்தான் முதலில் கிடைக்க வேண்டும்.

அடுத்தது உறக்கமும் வீட்டு ஏக்கமும். விண்வெளி முகமைகள் இவற்றை அற்பமாக எண்ணுவதில்லை. 2010 ஜூனில் தொடங்கி 520 நாள்கள், செவ்வாய்ப் பயணத்தைப் போல ஆறு பேரை மாஸ்கோவில் ஒரு மூடிய கலத்துக்குள் வைத்துப் பார்த்தார்கள். உடல் அசைவு குறைந்தது, பலரின் உறக்கம் கலைந்தது, ஒருவரின் உடல் கடிகாரம் நழுவி 25 மணி நேர நாளைப் பின்பற்றத் தொடங்கியது. மற்றவர்கள் விழித்திருக்கும்போது அவர் உறங்கினார். குழு வாழ்க்கையிலிருந்து அவர் விலகிப்போனதற்கு அவருடைய குணம் காரணமில்லை. ஒரு வாரம் முகாமில் தங்கும் பிள்ளைக்கு இவ்வளவு நடக்காது. ஆனால் பன்னிரண்டு வயது வரை ஒன்பது மணி நேரத்துக்குக் குறையாமலும், பதின்ம வயதில் எட்டு மணி நேரத்துக்குக் குறையாமலும் உறங்க வேண்டும் என்பது உறக்க மருத்துவர்களின் பரிந்துரை. கோடை விடுமுறையில் நள்ளிரவு வரை விழித்திருந்து பத்து மணிக்கு எழும் பிள்ளை, முகாமின் முதல் இரண்டு நாள்களைத் தூக்கக் கலக்கத்திலேயே இழக்கும். கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே உறங்கும் நேரத்தைச் சிறிது சிறிதாக முன்னே கொண்டுவருவது, எந்த அறிவியல் புத்தகத்தையும் விட அந்தப் பயணத்துக்கு உதவும்.

வீட்டு ஏக்கத்தைப் பற்றி உளவியலாளர் கிறிஸ்டோபர் தர்பர் கோடை முகாம்களிலேயே ஆய்வுகள் செய்திருக்கிறார். பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஒரு நாளாவது அது வருகிறது என்பதே அவர் கண்டது. பயந்தாங்கொள்ளிகளுக்கு மட்டும் வரும் நோய் அன்று. அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2007இல் வெளியிட்ட அறிக்கையில் அவரும் ஓர் ஆசிரியர். முன்பே இரண்டு மூன்று நாள் உறவினர் வீட்டில் பெற்றோர் இல்லாமல் தங்கவைத்துப் பழக்குங்கள், போவதா வேண்டாமா என்ற முடிவில் பிள்ளைக்கும் பங்கு கொடுங்கள், உங்கள் பதற்றத்தைப் பிள்ளை மேல் ஏற்றாதீர்கள் என்கிறது அது. இன்னொரு அறிவுரை நம் வீடுகளில் அடிக்கடி மீறப்படுவது: ‘பிடிக்கலைன்னா ஒரு போன் பண்ணு, உடனே வந்து கூட்டிக்கிட்டு வந்துடறேன்’ என்று வாக்குக் கொடுக்கக் கூடாது. அன்பால் சொல்லப்படும் அந்த வாக்கியம், உன்னால் முடியாது என்று நாங்கள் நினைக்கிறோம் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறது. மேலும் முதல் சிறு ஏக்கத்திலேயே திரும்பிவரும் வழியை மட்டும் யோசிக்க வைத்துவிடுகிறது. பாட்டி வீட்டிலும் சித்தப்பா வீட்டிலும் விடுமுறையைக் கழித்துப் பழகிய பிள்ளைகள் இந்தப் பயிற்சியைப் பெயர் தெரியாமலே பெற்றுவிட்டவர்கள். தன் துணியைத் தானே துவைத்து மடிப்பது, பெட்டியைத் தானே அடுக்குவது, தண்ணீர்ப் பாட்டிலை மறக்காமல் எடுத்துக்கொள்வது ஆகியவையும் இந்தக் கணக்கில்தான் வரும்.

அப்படியானால் அறிவு வேண்டாமா என்று கேட்கலாம். வேண்டும், எது வேண்டும் என்பதே கேள்வி. ராக்கெட்டின் உயரம் அங்கே பலகையில் எழுதியிருக்கும். ஆனால் பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் வீரர்கள் ஏன் மிதக்கிறார்கள் என்று கேட்டால், அங்கே ஈர்ப்பு இல்லை என்றே பெரியவர்களும் சொல்கிறார்கள். 400 கிலோமீட்டர் உயரத்தில் பூமியின் ஈர்ப்பு, தரையில் இருப்பதில் கிட்டத்தட்ட 90 சதவீதம் இருக்கிறது. நிலையமும் அதற்குள் இருப்பவர்களும் ஒன்றாக விழுந்துகொண்டே இருக்கிறார்கள்; நொடிக்கு 7.7 கிலோமீட்டர் வேகத்தில் பக்கவாட்டில் ஓடுவதால், விழும் அளவுக்குப் பூமியும் கீழே வளைந்து விலகிப்போகிறது. இந்த ஒரு கருத்தை உண்மையாகப் புரிந்துகொண்ட பிள்ளைக்குச் செயற்கைக்கோள், எடையின்மை, திரும்பிவரும்போது வேகத்தைக் குறைக்க வேண்டிய அவசியம் எல்லாம் ஒரே நூலில் கோத்ததுபோல விளங்கும். நூறு தகவல்களை மனப்பாடம் செய்வதைவிட இப்படி இரண்டு கருத்துகளைத் தோண்டிப் பார்ப்பதும், விடை தெரியாத ஐந்து கேள்விகளை எழுதி எடுத்துப்போவதும் நல்லது.

குழுப்பழக்கத்தைத்தான் முகாமே கற்றுத்தரப் போகிறதே, வீட்டில் ஏன் என்பது இதைவிட வலுவான மறுப்பு. முகாம் கற்றுத்தருவது உண்மை. ஆனால் அதற்கு இருப்பது சில நாள்கள். அதிலும் மாதிரிப் பயணங்கள் சில மணி நேரங்களே. கேட்கத் தெரிந்த பிள்ளை முதல் பயணத்திலேயே கற்கத் தொடங்கும். தெரியாத பிள்ளைக்குத் தளபதி பதவி கிடைக்கவில்லை என்ற வருத்தத்திலேயே பாதி நேரம் போய்விடும். கூச்ச சுபாவமுள்ள பிள்ளைக்கு இது அநீதி ஆகாதா என்றும் கேட்கலாம். ஆகாது என்பதே என் எண்ணம். கட்டுப்பாட்டு அறையின் ஒழுங்கு, அதிகம் பேசுகிறவருக்குச் சாதகமானதன்று. தேவையானதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு மௌனமாக இருப்பதே அங்கே திறமை. கார்மன் தரையிறக்கத்தின்போது முன்வரிசையில் கூட இல்லை, பின்னறையில் உட்கார்ந்திருந்தார்.

இந்த முகாம்கள் விண்வெளி வீரர்களை உருவாக்குகின்றன என்ற பேச்சையும் அளவோடு எடுத்துக்கொள்ள வேண்டும். ஹன்ட்ஸ்வில் முகாமுக்குச் சென்றவர்களில் முதலில் வீரரானவர் டாரதி மெட்காஃப்-லிண்டன்பர்கர். பள்ளி ஆசிரியராக இருந்தவர், 2010 ஏப்ரலில் டிஸ்கவரி விண்ணோடத்தில் பறந்தார். சமந்தா கிறிஸ்டோஃபொரெட்டி, கிறிஸ்டினா கோக் போன்றோரும் அங்கு சென்றவர்களே. பல லட்சம் பேரில் இப்படிச் சிலர். ஏற்கெனவே ஆர்வம் கொண்ட பிள்ளைகள்தான் அங்கே போகிறார்கள் என்பதால், முகாம்தான் அவர்களை உயர்த்தியது என்று சொல்லிவிட முடியாது. அதற்காக மற்றவர்களின் வாரம் வீண் என்றும் ஆகாது. குழுவாகச் சிக்கலைத் தீர்க்கக் கற்றவர் மருத்துவமனையிலும் மின்நிலையத்திலும் அதைப் பயன்படுத்துவார்.

அங்கே ஒரு வாரத்துக்கு ஆயிரம் டாலருக்கு மேல் ஆகும். நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அது எட்டும் என்ற கேள்வி நியாயமானது. இஸ்ரோ 2019இல் தொடங்கிய ‘யுவிகா’ திட்டம் அதற்கு ஒரு நல்ல விடை. ஒன்பதாம் வகுப்பு மாணவர்களைத் தேர்ந்தெடுத்து, மே மாத விடுமுறையில் ஏறத்தாழ இரண்டு வாரம் திருவனந்தபுரம், பெங்களூரு, ஸ்ரீஹரிகோட்டா போன்ற மையங்களில் தங்கவைத்து, விஞ்ஞானிகளின் உரைகள், ஆய்வகப் பார்வை, செய்முறைகள் என்று நடத்துகிறார்கள். பயணம், தங்குமிடம், உணவு எல்லாம் இஸ்ரோவின் செலவு. சுழல் இயந்திரங்கள் முக்கியமில்லாத இந்த முகாமுக்கு, மேலே சொன்ன தயாரிப்பு இன்னும் கூடுதலாகப் பொருந்தும். வெவ்வேறு மாநிலங்களிலிருந்து, வெவ்வேறு தாய்மொழிகளுடன் வரும் பிள்ளைகள் ஒரே அறையில் தங்கி, ஒரே மேசையில் செய்முறை செய்ய வேண்டும். ஆங்கிலம் சரளமாக வராத தமிழ்வழி மாணவர், ‘எனக்குப் புரியவில்லை, இன்னொரு முறை மெதுவாகச் சொல்லுங்கள்’ என்ற ஒரு வாக்கியத்தைக் கூச்சமின்றிச் சொல்லப் பழகிக்கொண்டால் பாதித் தடை விலகிவிடும். தேர்வு விதிகளிலேயே எட்டாம் வகுப்பு மதிப்பெண்ணோடு சாரணர், தேசிய மாணவர் படை, விளையாட்டு ஆகியவற்றுக்கும் இடம் தரப்பட்டிருக்கிறது. ஊராட்சிப் பகுதியில் உள்ள கிராமப் பள்ளியில் படிப்பவருக்குக் கூடுதல் மதிப்பு உண்டு.

அறிவிப்பு பெரும்பாலும் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் இஸ்ரோவின் இணையதளத்தில் வரும். விண்ணப்பிக்கச் சில வாரங்களே கிடைக்கும். கிராமப் பள்ளிகளின் தலைமையாசிரியர்களுக்கும் அறிவியல் ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: அந்த நாள்களில் இணையதளத்தைத் தவறாமல் பாருங்கள், ஒன்பதாம் வகுப்பில் போய்ச் சொல்லுங்கள், விண்ணப்பத்தை நிரப்ப உடனிருந்து உதவுங்கள். செய்தி காதில் விழாததால் ஒரு மாணவியின் இடம் நழுவிப்போகக் கூடாது.